பொன்னுக்கு வீங்கிய தெரு

நீங்களே சொல்லுங்கள் அக்கா. ஒரு தெருவில் என் வீட்டை விட்டுப் பிள்ளைகள் இருக்கிற வீடு பன்னிரண்டு. பதினோரு வீட்டில் பிள்ளைகளுக்குக் கன்னம் வீங்குகிறது. ஒரே ஒரு வீட்டில் மட்டும் வீங்கவில்லை. யார்மேல் சந்தேகம் வரும்? அந்த ஒரு வீட்டுக்காரிமேல்தானே? அதைச் சொன்னதற்குத்தான் ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

பையை மடியில் வைத்துக்கொண்டு கஷ்டப்படாதீர்கள், என் காலடியில் தள்ளிவிடுங்கள். சங்கரன்கோவில் போகிறவரைக்கும் எனக்குப் பேச்சுத்துணைக்கு ஆள் வேண்டும். பேசாமல் வந்தால் எனக்கு பஸ்ஸில் குமட்டும்.

என் பெயர் ஆவுடைச்செல்வி. குருவன்பட்டி. எட்டாவது வரை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம்தான், ஆனால் கணக்கில் நான் புலி. வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஒரே பையன், ரித்தீஷ். போன வருஷம் இது நடந்தபோது அவன் ஒன்றாம் வகுப்பு. அப்புறம் எனக்கு ஒரு தம்பி, வேல்துரை, ஜேசிபி ஓட்டுகிறான். அப்பா அம்மா போய்ச் சேர்ந்தபிறகு அவனுக்கு எல்லாம் நான்தான். பெண் பார்த்தது நான், பேசி முடித்தது நான். பெண் கோமதி, மேலப்பொட்டல் பால்வண்ணம் மாமா மகள். சங்கரன்கோவிலில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை. ஆவணி ஒன்றாம் தேதி பூ வைப்பது, பத்தொன்பதாம் தேதி கல்யாணம். மண்டபம் பேசியாயிற்று, பத்திரிகை கொடுத்தாயிற்று.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆடி இருபத்தொன்பது காலையில் ரித்தீஷ் எழுந்து வருகிறான், ஒரு பக்கக் கன்னம் பன் மாதிரி இருக்கிறது. இட்லியை மெல்ல முடியவில்லை. மதியத்துக்குள் அடுத்த பக்கமும் சேர்ந்துகொண்டது. எனக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது, பொன்னுக்கு வீங்கி.

அதற்கு என்ன வைத்தியம்? பெயரிலேயே இருக்கிறதே அக்கா. பொன் கேட்டு வீங்குகிறது. பொன்னைக் கழுத்தில் போட்டால் வற்றிவிடும். எங்கள் அம்மா எனக்கு ஐந்து பவுனில் ஒரு சங்கிலி போட்டிருந்தாள். இரண்டு மடிப்பாகப் போட்டாலும் நெஞ்சுக்குக் கீழே தொங்கும், அவ்வளவு நீளம். அதை எடுத்து ரித்தீஷ் கழுத்தில் போட்டேன். அவனுக்கு ஒரு பழக்கம், எதைக் கழுத்தில் போட்டாலும் வாயில் வைத்துச் சப்புவான். பள்ளிக்கூட அடையாள அட்டை, கயிறு, எதுவானாலும் சரி. சங்கிலியையும் சப்பினான். தங்கம்தானே, உள்ளே போனாலும் நல்லதுதான் என்று விட்டுவிட்டேன்.

இதோடு நான் நிறுத்தியிருந்தால் எனக்கு இந்தக் கெட்ட பெயர் வந்திருக்காது. ஆனால் என் குணம் உங்களுக்குத் தெரியாது. எனக்கு ஒரு நல்லது கிடைத்தால் நாலு பேருக்குக் கொடுக்காமல் இருக்க மாட்டேன். வந்தபிறகு பொன் போடுவதைவிட வருவதற்கு முன்னாலேயே போட்டுவிட்டால் என்ன? அரசாங்கம் முன்கூட்டியே ஊசி போடுவதில்லையா? அதே மாதிரி. தெருவில் எத்தனை வீட்டில் நல்ல சங்கிலி இருக்கிறது? பாதி பேருடையது பேங்க்கில் தூங்குகிறது. பாவம், அந்தப் பிள்ளைகள் என்ன செய்யும்?

இதில் இரண்டு சிக்கல். வீக்கம் வற்றுகிறவரை ரித்தீஷ் கழுத்திலிருந்து சங்கிலியைக் கழற்றக் கூடாது. அதோடு, ஐந்து பவுனைக் கழற்றி ஒரு வீட்டில் கொடுத்துவிட்டு வருகிற அளவுக்கு நான் ஏமாளி இல்லை. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். சொன்னேனே, சங்கிலி நீளம். ரித்தீஷையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய், அவன் கழுத்தில் இருக்கிற சங்கிலியின் மறு பாதியை அந்த வீட்டுப் பிள்ளை தலைவழியாக மாட்டிவிடுவது. ஒரு சங்கிலி, இரண்டு கழுத்து. கன்னத்தோடு கன்னம் ஒட்டி நிற்கும், பார்க்க அவ்வளவு அழகு. எவ்வளவு நேரம்? அதற்கும் கணக்கு வைத்தேன். இரண்டு பேரும் சேர்ந்து சத்தமாக நூறுவரை எண்ண வேண்டும். வைத்தியமும் ஆயிற்று, பாடமும் ஆயிற்று.

என்ன சத்தம் என்கிறீர்கள்! இரண்டு வாயும் நேருக்கு நேர். ‘முப்பத்தி ஏழூ! முப்பத்தி எட்டூ!’ எதிர்வீட்டு முத்துச்செல்வி மகனுக்கு எண்பதுக்கு மேல் தெரியாது, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தான். மூன்று தடவை. அவனுக்கு எல்லோரையும்விட மருந்து அதிகமாகவே ஏறியிருக்கும் என்று அப்போது நினைத்தேன்.

இரண்டு நாளில் பதினோரு வீடு முடித்தேன். சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து கேள்விப்பட்டார். “சாமி சப்பரம்கூட நம்ம தெருவுல எல்லா வாசல்லயும் நிக்காது. உம் மகன் நின்னுட்டானே” என்றார். பாராட்டுகிறார் என்று காப்பியில் ஒரு கரண்டி சீனி கூடப் போட்டேன்.

பன்னிரண்டாவது வீடு செண்பகம் வீடு. அவளுக்கும் எனக்கும் அந்த வாரம் பேச்சு இல்லை. அவள் காயப்போட்ட மிளகாயில் என் சேவல் நடந்துவிட்டதாம். நடந்தது உண்மைதான், ஆனால் சேவலுக்குத் தெரியுமா யார் மிளகாய் என்று? அதையெல்லாம் மறந்து, பிள்ளைகள் முகத்துக்காக, நான் அவள் வாசல்வரை போனேன். அவள் உள்ளிருந்தே சொல்கிறாள், “ஏ ஆவுடை, வீக்கத்தோட பிள்ளைய ஊர்கோலம் கூட்டிட்டுத் திரியுத. வீட்டுல படுக்க வை. எல்லாருக்கும் ஒட்டிக்கிடும்.” கதவையும் சாத்திவிட்டாள்.

என் பிள்ளை ஒட்டிக்கொள்கிறானாம். பசையா அவன்? சரி, உனக்குக் கொடுத்துவைக்கவில்லை என்று திரும்பி வந்துவிட்டேன்.

வேல்துரைதான் முக்கியம் எனக்கு. கல்யாண மாப்பிள்ளை. அவனை விடுவேனா? “அக்கா, சும்மா இருக்கியா, வேலை கிடக்கு” என்று ஓடினான். பிடித்து உட்காரவைத்துச் சங்கிலியை மாட்டினேன். மாமனும் மருமகனும் நூறு எண்ணினார்கள். அவன் சீக்கிரம் முடிக்க ஐம்பதிலிருந்து எழுபதுக்குத் தாவிவிட்டான். ரித்தீஷ் விடவில்லை, “மாமா, ஏமாத்துத!” என்று முதலிலிருந்து எண்ணவைத்தான். என் பிள்ளை அவ்வளவு நேர்மை.

மறுநாள் ஆவணி ஒன்று. பூ வைக்க மேலப்பொட்டலுக்குப் போனோம். பூ வைத்து, மாலை போட்டு, பலகாரம் எல்லாம் ஆனபிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. இந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வரப்போகிறவள், இவளுக்கு மட்டும் செய்யாமல் விடலாமா? நிறைந்த சபையில் ரித்தீஷைக் கூப்பிட்டேன். கோமதி படித்த பெண், முகத்தை ஒரு மாதிரி வைத்தாள். “மதினி, இவனுக்குக் கன்னம் வீங்கியிருக்கே?” என்றாள். “அதுக்குத்தான்மா இது” என்று மாட்டிவிட்டேன். பூ வைத்த அன்றே நாத்தனாரை எதிர்த்துப் பேச முடியுமா? எண்ணினாள். வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டே எண்ணினாள். வெட்கம் போல என்று விட்டுவிட்டேன்.

சங்கிலி போட ஆரம்பித்ததிலிருந்து பதினைந்து நாள். ஒரு வீட்டில் ஒரு தும்மல் இல்லை. குழாயடியில் நான் எப்படி நின்றிருப்பேன் என்று யோசித்துப் பாருங்கள். “பாத்தியா முத்துச்செல்வி, வந்துச்சா? வராது. பொன்னு பட்டிருக்குல்லா” என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு ராணி மாதிரி வருவேன்.

பதினாறாம் நாள் காலையில் முத்துச்செல்வி வந்து கதவைத் தட்டினாள். மகன் கன்னம் வீங்கிவிட்டது. அன்று மூன்று வீடு. மறுநாள் ஐந்து. அதற்கு மறுநாள் மீதி. தெருவே ஆப்பத்துக்கு மாவு புளிக்கவைத்த மாதிரி உப்பிக் கிடக்கிறது. செண்பகம் வீட்டு மூன்று பிள்ளைகளும் கன்னம் ஒட்டிப்போய் வாசலில் சைக்கிள் ஓட்டுகிறார்கள்! நான் நன்மை செய்த வீட்டில் எல்லாம் வந்திருக்கிறது, அவள் வீட்டில் மட்டும் இல்லை. என்ன அர்த்தம்? ஏதோ வைத்திருக்கிறாள். குழாயடியில் வைத்து நேராகவே கேட்டேன், “என்னளா செஞ்ச?” என்று. அவள் தலையில் அடித்துக்கொண்டு, “நான் ஒண்ணுஞ்செய்யல தாயி. கதவைச் சாத்துனேன்” என்றாள். இதை நம்பச் சொல்கிறாள்.

இதற்கிடையில் நர்ஸம்மா வந்தார். எஸ்தர் நர்ஸம்மா, எங்கள் நாலு ஊருக்கும் அவர்தான் ஊசி. ஒரு நோட்டில் எந்த வீட்டில் எந்தத் தேதி வீங்கியது என்று எழுதிக்கொண்டே கடைசியாக என் வீட்டுக்கு வந்தார். “யாருக்கும்மா முதல்ல?” என்றார். “என் பையனுக்குத்தான்” என்றேன், ஒளிக்க என்ன இருக்கிறது? “அவனுக்கு எங்கிருந்து?” என்றார். யோசித்தேன். ஆடிக் கொடைக்கு நாத்தனார் ஊருக்குப் போயிருந்தோம், அவள் மகனுக்குக் கன்னம் லேசாக வீங்கியிருந்தது, இரண்டு பிள்ளைகளுக்கும் நான்தான் ஒரே கரண்டியில் பாயசம் ஊட்டினேன். அதைச் சொன்னேன். நர்ஸம்மா பேனாவை வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

“சரி, வீங்குன பிறகு பையன் எங்கேயாவது போனானா?”

“எங்க போகல? எல்லா வீட்டுக்கும் போனானே!” என்று உற்சாகமாகச் சொன்னேன். சங்கிலி, நூறு எண்ணிக்கை, முத்துச்செல்வி மகன் மூன்று தடவை எண்ணியது, எல்லாம் சொன்னேன். எந்த வீட்டுக்கு முதலில் போனேன், எதற்குப் பிறகு எது, வரிசை மாறாமல் சொன்னேன். அவர் அதை ஒரு பக்கமாக எழுதினார். ஏற்கெனவே எழுதியிருந்த வீங்கிய வரிசையைப் பக்கத்தில் வைத்தார். அக்கா, இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோலவே இருந்தது! எனக்கே புல்லரித்துவிட்டது. நோய் எந்த வீட்டுக்கு வரப்போகிறது என்று பதினாறு நாளுக்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்து, அந்தந்த வீட்டுக்குச் சரியாகப் போயிருக்கிறேன்!

நர்ஸம்மா மெதுவாகச் சொன்னார். “ஏம்மா ஆவுடை, இது எச்சில்ல வர்ற வைரஸ்ம்மா. பேசும்போது, தும்மும்போது, ஒரே கரண்டியில சாப்பிடும்போது தாவும். கன்னம் வீங்குறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே தாவ ஆரம்பிச்சிரும், வீங்கி அஞ்சு நாள் வரைக்கும் தாவும். தாவுன பிறகு, புது ஆள் உடம்புல பதினாறு, பதினெட்டு நாள் சத்தமில்லாம உக்காந்திருக்கும்.”

“அவ்வளவு நாள் எதுக்கு உக்காரணும்? விருந்தாளியா?” என்றேன்.

“ஆமா. நீ வெத்தல பாக்கு வச்சுல்லா அழச்சிருக்க” என்றார். என் பெயரை இரண்டு தடவை எழுதி அடியில் கோடு போட்டார். மேலிடத்துக்கு அனுப்புவார் போல. வேறு யார் பெயருக்கும் கோடு இல்லை.

ஆனால் என்ன சொன்னாலும், எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வாரத்தில் வற்றிவிட்டது பாருங்கள். அது பொன் இல்லாமல் வேறு என்ன? நர்ஸம்மா அடுத்த வாரம் வந்தபோது இதைக் கேட்டேன். “அது தானாவே வத்தும்மா” என்று சொல்லிவிட்டு நோட்டை மூடினார்.

என் கவலை அதில்லை அக்கா. நர்ஸம்மா முதலில் வந்த அன்று ஆவணி பதினேழு. கல்யாணத்துக்கு இரண்டு நாள். முந்தின நாளே வேல்துரைக்கு இரண்டு கன்னமும் வீங்கிவிட்டது. போர்வைக்குள் படுத்திருக்கிறான். பிள்ளைகளுக்கு வந்தால் விளையாட்டு. வளர்ந்த ஆணுக்கு வந்தால்? ஊரில் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியுமே. வீக்கம் இடுப்புக்குக் கீழே இறங்கிவிடும், பிள்ளை பிறக்காது என்பார்கள். பால்வண்ணம் மாமா காதில் விழுந்தால் கல்யாணம் அவ்வளவுதான். தகப்பன் தாய் இல்லாத பிள்ளைக்கு நான் ஒருத்தியாக அலைந்து முடித்த சம்பந்தம். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. நானே முந்திக்கொண்டு போய்ச் சமாளித்துவிட்டு வருவோம் என்று மேலப்பொட்டலுக்கு பஸ் ஏறினேன். சங்கரன்கோவில் வரை இதே பஸ்தான்.

மாமா வாசலிலேயே நின்றார். உள்ளே விடவில்லை.

“வாம்மா. மாப்ளை எப்படி இருக்காரு?”

“அவனுக்கென்ன மாமா, ஜம்முனு இருக்கான். கோமதி எங்க?”

“குளிக்கிது.”

திண்ணையிலேயே உட்கார்ந்து அரை மணி நேரம் காப்பி குடித்தோம். “இன்னுமா குளிக்கா?” என்றேன். “தூங்கிது” என்றார். குளித்துக்கொண்டே தூங்குகிறாளா? கேட்கலாம் என்று வாய்வரை வந்தது. அதற்குள் அவர் கேட்டார், “மாப்ளை போனையே எடுக்க மாட்டேங்காரே?” “போன் ஜேசிபியில விழுந்துட்டு மாமா” என்றேன். ஜேசிபியில் போன் எப்படி விழும் என்று அவரும் கேட்கவில்லை.

உள்ளிருந்து கோமதி வந்தாள். தலையைச் சுற்றித் துண்டு. துண்டை எடுத்தாள் பாருங்கள், கழுத்தும் கன்னமும் ஒன்றாகப் போயிருந்தது.

“போதும்ப்பா. மதினி, ஒங்க தம்பி போன் ஜேசிபியிலயும் விழல, எங்கயும் விழல. காலையிலயே போட்டோ அனுப்பிட்டாரு” என்று போனைக் காட்டினாள். வேல்துரை. இரண்டு கன்னமும் அவன் ஓட்டுகிற வண்டியின் பக்கெட் மாதிரி. கீழே இவள் படம் அனுப்பியிருக்கிறாள். அதற்குக் கீழே அவன் சிரிக்கிற பொம்மை போட்டிருக்கிறான், இவளும் போட்டிருக்கிறாள். நான் சோறு இறங்காமல் கிடக்கிறேன், இதுகள் இரண்டும் பொம்மை அனுப்பி விளையாடுகின்றன!

மாமாவுக்கு முகம் கறுத்துவிட்டது. “மாப்ளைக்கா? எனக்கு ஒரே மக. நாளைக்கு ஒரு பேரன் பேத்தி இல்லாமப் போச்சுன்னா? இந்த சம்பந்தம் வேண்டாம் தாயி. கோவிச்சுக்காத” என்று எழுந்துவிட்டார். எனக்கு வார்த்தை வராதது என் வயதில் அன்று ஒரு நாள்தான்.

கோமதிதான் பேசினாள். “அப்பா, உக்காருங்க. எங்க லேப்புக்கு வர்ற டாக்டர்ட்ட கேட்டுட்டேன். ஆம்பளைங்க எல்லாருக்கும் அப்படி இறங்குறதில்ல. இறங்குனாலும் பிள்ளையே இல்லாமப் போறது ரொம்ப ரொம்ப அபூர்வம். அவருக்கு இறங்கவும் இல்ல. காலையில போன்ல கேட்டேன்.”

“அதையா கேட்ட?” மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

“பின்ன, தாலி கட்டுன பெறகா கேக்கணும்? எனக்கும்தான் வந்திருக்கு. அவங்க வேண்டாம்னு சொன்னா நீங்க என்ன செய்வீங்க?”

மாமா உட்கார்ந்தார். துண்டை எடுக்காமலே, “ஒரு பிள்ளை பொறக்கட்டும். அப்புறம் நம்புதேன்” என்றார். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். யாரும் மறுக்கவில்லை.

ஆனால் பத்தொன்பதாம் தேதி கூடாது என்று கோமதி உறுதியாகச் சொல்லிவிட்டாள். “முந்நூறு பேரக் கூட்டி முந்நூறு வீட்டுக்கு அனுப்பணுமா மதினி?” நர்ஸம்மாவும் அதையே சொல்லி, இருபத்தொன்பதாம் தேதிக்குத் தள்ளிப்போனது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதிலும் ஒரு நிபந்தனை. ஒரு தடவை வந்தவர்களுக்கு மறுபடி வராதாம், அதனால் இப்போதோ சின்ன வயதிலோ வந்து போனவர்கள் மட்டும் கல்யாணத்துக்கு வந்தால் போதுமாம். நர்ஸம்மா நோட்டைப் பார்த்துப் பெயர் எழுதினார்கள். எழுதி முடித்துப் பார்த்தால், அக்கா, எங்கள் தெருவிலிருந்து வந்த பிள்ளைகள் எல்லாம் நான் சங்கிலி போட்ட பிள்ளைகள்தான்! முதல் பந்தி முழுக்க என் கைராசி. நான் மட்டும் வீடு வீடாகப் போகாமல் இருந்திருந்தால் அந்தக் கல்யாணத்துக்குப் பிள்ளைக்கூட்டமே இருந்திருக்காது. செண்பகம் பிள்ளைகளை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தாள், பாவம், இலையில் வைத்த லட்டை அவர்களுக்குக் கட்டி எடுத்துக்கொண்டு போனாள்.

இப்போது எங்கே போகிறேன் என்று கேட்கவில்லையே நீங்கள்? மேலப்பொட்டலுக்குத்தான். கோமதிக்குப் பிள்ளை பிறந்து இன்றோடு பதினெட்டு நாள். ஆண் பிள்ளை. வேல்துரை படம் அனுப்பினான், இதோ பாருங்கள். கன்னம் இரண்டும் எப்படி உப்பிக்கொண்டு இருக்கிறது! மாமா முதல் தடவை தூக்கியதும், “நர்ஸம்மா, கன்னம் ஏன் இப்படி இருக்கு?” என்று அலறினாராம். “கொழுப்புய்யா, வெறும் கொழுப்பு” என்றாராம் நர்ஸம்மா. அதற்கப்புறம் கீழே வைக்கவே மாட்டேன் என்கிறாராம் மனுஷன்.

ஹ்ச்ச்! மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா. இரண்டு நாளாக இப்படித்தான். வெறும் தூசி. கை மேலே பட்டுவிட்டதா? இந்தாருங்கள், என் முந்தானையில் துடைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று போனில் பேசும்போதும் இப்படித் தும்மிவிட்டேன். கோமதி உடனே, “மதினி, அடுத்த வாரம் வாங்களேன்” என்றாள். பத்து மாதம் காத்திருந்து, அதற்கு மேல் ஒரு வாரமா? அழுதே விட்டேன். கடைசியில், சரி, வாருங்கள், ஆனால் வீட்டுக்குள் வரக் கூடாது, ஜன்னலுக்கு வெளியே நில்லுங்கள், நான் உள்ளே தூரத்தில் நின்று தூக்கிக் காட்டுகிறேன் என்றாள். அவள் என் தம்பி பெண்டாட்டி, நான் நாத்தனார். என்னைப் போய் வெளியே நில் என்கிறாள்! வேறு எவளாவது சொல்லியிருந்தால் நடப்பதே வேறு. ஆனால் அந்தப் பிள்ளை இருக்கிறதே, உள்ளங்கை அளவுதான் இருக்கிறது. சரி என்றுவிட்டேன்.

இரண்டு பஸ் மாறி, ஒரு ஜன்னலைப் பார்க்கப் போகிறேன் அக்கா.